ஜன்னலோரக் கட்டில்

பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவளைத் தெருவில் எல்லோரும் பல்லுக்காரி என்றுதான் சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. முகத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்ல அவளுக்கு வராது. வாயைத் திறந்து காட்டினால் போதும், பத்து வருஷத்துக்கு முன் வந்த ஆளானாலும் புட்டுப் புட்டு வைப்பாள். காய்ச்சலுக்குத் தவிர லீவே போடாதவள், ஒரு வாரம் கடலோரச் சின்ன ஊர் ஒன்றில் போய்த் தங்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்ததும் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் முறை படித்தார்.

அந்தச் சின்ன ஊர் அவளுடைய அக்காவின் ஊர். பிறந்த ஊர் இல்லை, அக்கா வருஷா வருஷம் ஒரு வாரம் போய்த் தங்குகிற ஊர். கிளம்புவதற்கு முன் போன் பண்ணி, "நீயும் வாயேன்டி, பல்லு எங்கயும் ஓடிப் போயிடாது" என்பாள். இவள், "அடுத்த வருஷம் பாக்கலாம்க்கா" என்பாள். பதினொரு வருஷமாக இதே பேச்சு. மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. வேலை, அவ்வளவுதான். ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் அக்கா குளியலறையில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை.

கூடத்து அலமாரியில் அக்காவின் வாய் மட்டும் இருந்தது. கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட எடுத்த பிளாஸ்டர் அச்சு. மற்றவர்களுடையதை வேலை முடிந்ததும் உடைத்துப் போடுகிறவள், இதை உடைக்கவில்லை. தன் வாயையும் ஒருநாள் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மேலண்ணத்தின் வளைவு ஒரு இம்மி பிசகவில்லை. போனில் இரண்டு பேர் குரலையும் பெற்ற தாயே மாற்றிச் சொன்னதில் என்ன ஆச்சரியம்?

அக்காவின் கைப்பையில் விடுதியின் நம்பர் எழுதிய சீட்டு கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணினாள். "ஒரு வாரத்துக்கு ரூம் வேணுங்க" என்று ஆரம்பித்ததுதான் தாமதம்.

"வாங்க வாங்க! இந்த வருஷம் ஆளையே காணோமேன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். மாடி ரூமை இன்னும் யாருக்கும் கொடுக்கல" என்றாள் விடுதிக்காரம்மா.

நான் அவள் இல்லை என்று சொல்லத்தான் பல்லுக்காரி வாயைத் திறந்தாள். வந்ததோ, "நான் எங்க போயிடப் போறேன், கண்ணு?"

அக்காதான் கண்டவர்களையெல்லாம் கண்ணு என்பாள். இவள் பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அதோடு விட்டாளா? தேதியை மாற்ற ஒரு போன். வெந்நீர் வருமா என்று கேட்க இன்னொரு போன்.

"என்னங்க புதுசா கேக்கறீங்க? போன வருஷம் குழாயில கையைச் சுட்டுக்கிட்டது மறந்து போச்சா?"

அக்கா கையைச் சுட்டுக்கொண்டது இவளுக்குத் தெரியாது. ஒரு செருப்பை அலையில் விட்டுவிட்டு மறு செருப்பைக் கையில் பிடித்தபடி படியேறி வந்ததும் தெரியாது. கேட்கக் கேட்க ஆசை அடங்கவில்லை, பயமும் கூடவே வந்தது. பேசுவது தன் வாய்தான். ஆனால் அடுத்த வார்த்தை என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் விடுதிக்குப் பேசிவிட்டுப் போனை வைத்ததும், அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் கத்தியும் கையுமாக நிலைப்படியில் வந்து நின்றான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"யாரு பேசினது?"

"நான்தான்."

"நீ இல்ல. அது உங்கக்கா சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நேர்ல போய் நிக்கறப்ப என்ன பண்ணுவே?" என்று மட்டும் கேட்டான்.

அதுதான் அவளைப் போட்டு ஆட்டியது. படியேறி முகத்தைக் காட்டுகிற நிமிஷமே விடுதிக்காரம்மாவுக்கும் அக்கா செத்துவிடுவாள். இந்த உலகத்தில் அக்கா இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே இடம் அந்த விடுதிதான். தான் போகாமல் இருக்கிறவரைக்கும் அவள் அங்கே நடமாடிக்கொண்டிருப்பாள். மூன்று நாள் யோசித்தாள். வேலைக்கு நடுவே அலமாரிப் பக்கம் கண் போகும்போதெல்லாம் அந்த அச்சு ஏதோ சொல்ல வாய் திறந்தாற்போலவே இருந்தது. ஊருக்கே போக வேண்டாம், ரூமை ரத்து செய்துவிடுவோம் என்று நான்காம் நாள் போனை எடுத்தாள்.

அவள் வாயெடுப்பதற்குள் விடுதிக்காரம்மா முந்திக்கொண்டாள். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். தங்கச்சி இந்தத் தடவையாவது வர்றாங்களா, இல்ல வழக்கம்போல ரெண்டாவது கட்டிலைச் சும்மா விரிச்சு வைக்கணுமா?"

"வழக்கம்போலவா?"

"பதினொரு வருஷமா இதே கதைதானே. 'கடைசி நிமிஷத்துல கிளம்பி வந்தாலும் வருவா'ன்னு நீங்கதானே விரிக்கச் சொல்வீங்க?"

பல்லுக்காரி வாயைத் திறந்தாள். கண்ணு என்ற சொல் வரவில்லை, அக்காவின் சிரிப்பும் வரவில்லை. உடைந்துபோன தன் சொந்தக் குரல்தான் வந்தது.

"வர்றா. இந்தத் தடவை அவ மட்டும்தான் வர்றா."

விடுதிக்காரம்மாவின் குரல் தாழ்ந்தது.

"தங்கச்சியா பேசறீங்க?"

"ஆமாங்க."

"அப்போ அவங்க..."

பல்லுக்காரியால் சொல்ல முடியவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கத்திலும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து விடுதிக்காரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கட்டாயம் வாங்க. கடல் தெரியற ஜன்னலோரக் கட்டில்தான் உங்களுது. அதுல அவங்க ஒரு நாள்கூடப் படுத்ததில்ல."