காப்புக் கட்டிய மறுநாள்

நாங்கள் சுவாவில் வீடு வாங்கிய கதையை என் கணவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். கொஞ்சம் லேட்டாச்சு, அப்புறம் வாங்கிட்டோம் என்பார். அந்தக் கொஞ்சம் எட்டு மாதம். அதில் நான்கு மாதம் அவருடைய கைங்கரியம். அதனால்தான் அவர் சுருக்கிச் சொல்கிறார், நான் விரித்துச் சொல்கிறேன்.

சுவா இந்தத் தீவின் தலைநகர்; அப்போது நாங்கள் மறுகோடியில், ரராவாயில் இருந்தோம். அவர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கரும்பு வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட மரவீடு, பின்னால் இரண்டு எலுமிச்சை மரம், ஒரே மகள். மகளுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இரண்டு வயதில்தான் எங்களுக்கே அது தெரிந்தது. அதுவரை மிகவும் அமைதியான குழந்தை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுவாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு தொடங்கியிருந்தார்கள். பேசக்கூடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டோம். இடம் தருகிறோம் என்று பதில் வந்தது. தங்கும் விடுதி கிடையாது, குடும்பம் சுவாவில் இருக்க வேண்டும், இரண்டாம் பருவம் திறக்கும் நாள்வரை இடத்தை வைத்திருப்போம், அன்றைக்கு வராவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று கடிதத்தில் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தபோது அங்கிருந்த டீச்சர் இன்னொன்றும் சொன்னார். ஏழு வயதைத் தாண்டினால் குரலைப் பழக்குவது மிகவும் கஷ்டம் என்றார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார், எனக்குப் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீடு தேடினோம். சுவாவில் ஒரு முஸ்லிம் குடும்பம் தங்கள் வீட்டை விற்கப்போவதாகத் தெரிந்தது. எங்களைப் போலவே, கரும்புத் தோட்ட வேலைக்காக மெட்ராஸ் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தவர்களின் வம்சம். அந்த வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டோம்; அவருக்கு நாந்தி பக்கம் ஓட்டலில் வேலை கிடைத்திருந்ததால் அங்கே மார்டின்டாரில் ஒரு வீடு பேசி வைத்திருந்தார்கள். அந்த மார்டின்டார் வீடு ஒரு விதவை அம்மாளுடையது. அவர் கனடாவில் இருக்கும் மகனிடம் போகக் காத்திருந்தார். எங்கள் ரராவாய் வீட்டுக்கு ஆலை ஆபீசில் வேலை பார்க்கும் புதுமாப்பிள்ளை ஒருவர் கிடைத்தார். அவர் எங்களுக்குப் பணம் கொடுத்தால்தான் நாங்கள் அண்ணனுக்குக் கொடுக்க முடியும், அண்ணன் அந்த அம்மாளுக்குக் கொடுக்க முடியும். எல்லாரும் சுவாவில் ஒரே வக்கீலிடம் ஒரே நாளில் கையெழுத்துப் போட வேண்டும். சீசனில் ஆலை வாசலில் கரும்பு லாரிகள் நிற்குமே, அந்த மாதிரிதான். முன்னால் ஒன்று நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும்.

முதலில் நின்றது கனடா அம்மாள். விசாவுக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இல்லையென்று திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். அது சரியானபோது எங்கள் குத்தகை நிலத்தைக் கைமாற்ற நிலச் சொந்தக்காரர்களிடமிருந்து வர வேண்டிய சம்மதக் கடிதம் வரவில்லை. அது வந்தபோது புதுமாப்பிள்ளையின் மாமனாருக்கு எங்கள் வீட்டு வாசல் தெற்குப் பார்த்திருப்பது உறுத்தத் தொடங்கியது. அவரைச் சமாதானப்படுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு முறையும் வக்கீல் ஆபீசுக்கு டெலிபோன் செய்தால் அங்கிருந்த குமாஸ்தா சேங்கா நா லெங்கா என்பார். கவலைப்படாதே என்பதற்கு இங்கே எல்லா ஜாதி ஜனமும் சொல்வது. அதைக் கேட்டாலே எனக்குக் கவலை வந்துவிடும்.

வாடகைக்குப் போயிருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று சொல்லும்போது யார் வாடகைக்கு வீடு பார்ப்பார்கள்? எட்டு மாதம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் போயிருப்போம். எங்களிடம் யாரும் எட்டு மாதம் என்று சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என்று முப்பது முறை சொன்னார்கள்.

பருவம் திறக்க மூன்று வாரம் இருந்தபோது என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயிலில் அந்த மாதம்தான் தீமிதி. பொதுவாகக் காரியம் முடிந்த பிறகுதான் நேர்த்திக்கடனுக்கு இறங்குவார்கள். இவர் முன்கூட்டியே இறங்கிவிடுகிறேன், ஆத்தா சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிடுவாள் என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். சிகரெட்டை விட்டார், யங்கோனா வேர்ச்சாறு குடிப்பதை விட்டார், மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். கையில் காப்புக் கட்டினார்கள். கட்டினால் பத்து நாள் கோயிலிலேயே படுக்கை. எல்லை தாண்டக் கூடாது.

மறுநாள் காலை மூலைக் கடைக்காரர் வந்து வாசலில் நின்றார். டெலிபோன் அவர் கடையில்தான். சுவாவிலிருந்து செய்தி. எல்லாக் காகிதமும் தயார், எல்லாரும் வியாழக்கிழமை வர வேண்டும், கனடா அம்மாளுக்குச் சனிக்கிழமை விமானம்.

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கையில் இருக்கும் வேலை வேகமாகும். அன்றைக்கு அடுப்பை மெழுகி, அரிசி களைந்து, மகளுக்குச் சடை பின்னிவிட்டு, அப்புறம்தான் கோயிலுக்கு நடந்தேன். கோயில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் அந்தப் பக்கம் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். செய்தியைச் சொன்னேன். முதலில் அவர் முகம் மலர்ந்தது. ஆத்தா கேட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார். அப்புறம்தான் வியாழக்கிழமை என்பது உறைத்தது.

"காப்புக் கட்டியாச்சே" என்றார்.

"யாருக்காகக் கட்டினீங்க?"

"புள்ளைக்காகத்தான்."

"புள்ளைக்குத்தான் இப்ப உங்க கையெழுத்து வேணும்."

அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூசாரியைக் கேட்டோம். அவரும் ஆலையில் வேலை செய்பவர்தான், நியாயமான மனிதர். எல்லை தாண்டினால் குற்றம், ஆனால் அது அவரவர் மனசு என்று விலகிக்கொண்டார். ரராவாய் வீடு அவர் பேரில் மட்டும் இருந்தது, நான் போய்க் கையெழுத்துப் போட முடியாது. காகிதத்தை இங்கே அனுப்பி வாங்கிக்கொள்வதற்குள் சனிக்கிழமை வந்துவிடும் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். அந்த ஒரு முறை அவர் வாயிலிருந்து சேங்கா நா லெங்கா வரவில்லை.

என் கணவர் வரவில்லை. புள்ளைக்காக நேர்ந்துகொண்டதை அறுத்துவிட்டு, அந்தக் கையால் புள்ளைக்கு வீடு வாங்கப் பயமாக இருக்கிறது என்றார். அவர் செய்தது சரியென்று இன்றுவரை நான் சொன்னதில்லை. தப்பென்று சொல்ல ஆரம்பித்து முடித்ததும் இல்லை. கனடா அம்மாள் சனிக்கிழமை விமானம் ஏறினார். இனி அவருடைய காகிதங்கள் தபாலில் கனடா போய், அங்கே ஒரு வக்கீல் முன்னால் கையெழுத்தாகி, திரும்பி வர வேண்டும்.

தீமிதிக்கு மகளோடு போயிருந்தேன். அவர் நன்றாகவே இறங்கிப் போனார், காலில் ஒரு கொப்புளம் கிடையாது. மகள் கை தட்டினாள். நான் தட்டவில்லை.

பருவம் திறக்க நான்கு நாள் இருந்தது. பள்ளியில் நேரில் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கலாம், அப்படியே அந்த அண்ணன் வீட்டிலும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் சுவா புறப்பட்டேன். பள்ளியில் டீச்சர் பொறுமையாகக் கேட்டார். எனக்காக அந்த இடத்தைப் பிடித்து வைத்தால் இன்னொரு தாய் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுவாள் என்றார். நான் அழவில்லை. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

அண்ணன் வீட்டில் பாதிச் சாமான் கோணிப்பையில் இருந்தது. பாத்திரங்களைக் கட்டிவிட்டு, தினமும் சமைக்க இரண்டை மட்டும் அவிழ்த்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் உள்ளே கால் வைக்கவே கூசியது. எங்களால்தானே. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். அந்த வீட்டு அக்கா, அண்ணனின் மனைவி, வாயாடி. பேச்சு நிற்காது. ஆள் இல்லாவிட்டால் கெட்டிலோடு பேசுவார். பள்ளியில் நடந்ததை நான் நாலு வார்த்தையில் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நாங்க மூட்ட கட்டியாச்சு, லேகின் போக எடம் இல்ல. உனக்குப் போக எடம் இருக்கு, வர முடியல. முன்னாடி ரூம்பு சும்மாத்தான கெடக்கு, புள்ளையக் கூட்டிட்டு வந்துடு."

"காகிதம் முடியலையே அக்கா."

"காகிதம் கனடாவுக்குப் போயிட்டு வரட்டும். புள்ள எதுக்குக் கனடாவுக்குப் போயிட்டு வரணும்?"

பருவம் திறந்த அன்று மகள் வகுப்பில் இருந்தாள். இன்னும் எங்களுடையதாகாத வீட்டின் முன்னறையில் நானும் அவளும். என் கணவர் ரராவாயிலேயே ஆலை வேலையில் இருந்தார், சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிறு திரும்புவார். ஒரே அடுப்படியில் இரண்டு குடும்பம். நாங்கள் இருந்தவரை அக்கா அந்த வீட்டில் மாட்டுக்கறி சமைக்கவில்லை. நான் கேட்டதும் இல்லை, அவர் சொல்லிக்காட்டியதும் இல்லை. அவருடைய பிள்ளைகளுக்கு இந்திதான் வரும். தமிழில் பேச ஆள் கிடைத்ததே என்று என்னிடம் பேசித் தீர்த்தார். நான் ஊம் கொட்டினேன். தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளியில் தமிழ் எழுதப் படிக்க நன்றாகக் கற்றவள் நான், பேசத்தான் சோம்பல்.

அதுதான் என் குற்றம் என்று அந்த நான்கு மாதத்தில் தெரிந்துகொண்டேன். கேட்காத பிள்ளையோடு என்ன பேசுவது என்று எப்போதோ விட்டிருந்தேன். சாப்பாடு என்றால் வாயைக் காட்டுவேன், தூக்கம் என்றால் கன்னத்தில் கை வைப்பேன். வகுப்பில் டீச்சர் பிள்ளையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசுவார். அதிர்வு கைக்குத் தெரியும். பிறகு பிள்ளை தன் தொண்டையில் கை வைத்து அதே அதிர்வை வரவழைக்கப் பார்க்க வேண்டும். வீட்டிலும் விடாமல் செய்யுங்கள் என்றார். மகள் வீட்டுக்கு வந்ததும் நேரே அக்காவிடம் போவாள். அக்கா ரொட்டி தட்டிக்கொண்டே பேசுவார், துணி பிழிந்துகொண்டே பேசுவார். இவள் ஸ்டூலில் ஏறி நின்று அந்தக் கழுத்தில் கையை வைத்துக்கொள்வாள். என்னிடம் வந்தால் தொண்டை சும்மா இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பொறாமை இல்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இருந்தது.

ஒருநாள் குமாஸ்தா சைக்கிளில் வந்தார். கனடாக் காகிதம் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை, நிஜமான வெள்ளிக்கிழமை, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என் கணவர் காலை நான்கு மணிக்கே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுச் சாமான் லாரியில் ஏறியது. என் கணவர் நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார். லாரி கிளம்பவும் பால் காய்ச்ச வேண்டும் என்று உள்ளே அடுப்பில் பாலை ஏற்றிவிட்டார். மகள் ஓடிப்போய் அக்காவின் கழுத்தில் கை வைத்தாள். நாலு மாதமாக வாய் ஓயாத அக்கா அன்று அவள் தலையைத் தடவினார். பிறகு "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். மகள் இன்னொரு கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். "வரே" என்று ஒரு சத்தம் வந்தது. கரகரப்பான, தடித்த சத்தம். என் மகளுடைய குரல்.

லாரி திருப்பத்தில் மறைந்தது. மகள் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, என் தொண்டையில் கையை வைத்தாள். வைத்துவிட்டு என் வாயைப் பார்த்தாள். இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது எவ்வளவோ இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து தீய்ந்த வாசனை வந்தது.

"பால் பொங்கிருச்சு" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.