வெறும் வயிற்று ரத்தம்

எங்கள் லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறவளுக்குப் பம்பரம் என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும். சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தில் ரத்தம் நிரப்பிய குழாய்கள் சுற்றும்போது அதன் மூடிமேல் விரலால் தாளம் போடுவாள். அது நிற்பதற்குள் மேசையைத் துடைத்து, ஊசிகளை அடுக்கி, என்னிடம் வந்து, "இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவாள். நான் வரவேற்பு மேசைக்காரி, என் வேலையே உட்காருவது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு மூச்சு வாங்கும்.

வெறும் வயிற்றோடு வர வேண்டியவர்கள் எதையாவது தின்றுவிட்டு வந்தால் அவளிடம் தப்ப முடியாது. சுற்றி எடுத்த குழாயில் சிவப்பெல்லாம் கீழே போய், மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். அதைத்தான் சீரம் என்கிறோம். கொழுப்பாகச் சாப்பிட்டிருந்தால் அது கலங்கிப்போகும். கலங்கிய குழாயைத் தூக்கிக்கொண்டு அவள் நேராகக் காத்திருப்பவர்கள் மத்திக்கே போவாள்.

"சொல்லுங்க சார், காலைல என்ன உள்ள போச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, சத்தியமா."

"நீங்க சொல்லலைன்னாலும் இது சொல்லுதே சார்."

கொஞ்ச நேரத்தில் பிஸ்கட்டோ பால் காப்பியோ ஒப்புக்கொள்ளப்படும். அந்தக் குழாய் குப்பைக்குப் போகும், ஆள் மறுநாள் வர வேண்டும். இது லேபின் வழக்கம். இதில் அவள் ஒருநாளும் தோற்றதில்லை, அந்தத் திமிரும் அவளுக்கு உண்டு.

அவளுக்கு ஒரே தம்பி. பார்சல் வண்டி ஓட்டுகிறவன். அம்மா போன பிறகு அக்கா வீடுதான் அவனுக்கு எல்லாம். அடிக்கடி வயிற்று வலி என்று சுருண்டு படுப்பான். இரண்டு முறை அவளே ரத்தம் எடுத்துப் பார்த்தாள். இரண்டு முறையும் சீரம் வெறும் கலங்கல் இல்லை, பாலேதான்.

"எதுவும் சாப்பிடலக்கா."

"ஊரெல்லாம் வண்டியில சுத்துற, கண்ட கடையில எண்ணெயில முக்கினதைத் தின்னுட்டு என்கிட்டயே கதை விடுறியா?"

இரண்டு குழாய்களும் குப்பைக்குப் போயின. தம்பியோடு பேச்சு பாதியாகக் குறைந்தது. இவ்வளவு கோபம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். அவள் அப்பாவும் வயிற்று வலியில்தான் போனாராம். குடியை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே திருட்டுத்தனமாகக் குடித்தவர் என்பது வீட்டின் தீர்ப்பு.

"கடைசி நாள்ல என் கையைப் பிடிச்சு, தொடலம்மான்னாரு. நான் கையை உருவிக்கிட்டேன். பொய் சொல்றவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது" என்றாள். அவள் வீட்டுக் கூடத்தில் அம்மா படம் மட்டும்தான் இருக்கும்.

போன மழைக்காலத்தில் தம்பி வண்டியிலேயே மடங்கி விழுந்தான். எங்கள் லேப் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். கணையம் வீங்கியிருக்கிறது, வாய் வழியாக எதுவுமே கூடாது என்று சொல்லி டிரிப் ஏற்றினார்கள். பம்பரம் அந்தக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தலையணையை நிமிர்த்துவாள், ஜன்னலைச் சாத்துவாள், திறப்பாள். ஒரு நாள் முழுக்க அவன் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை, அதற்கு அவளே சாட்சி. மறுநாள் காலை அவளே ரத்தம் எடுத்துச் சுற்றினாள்.

பால்.

குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தாள். "இவன் எதுவும் சாப்பிடலையே. நான்தானே பக்கத்துல இருந்தேன்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

குழாயைப் பார்த்ததும் லேடி டாக்டரின் முகம் மாறியது. அசைக்காமல் ஃபிரிட்ஜில் நிறுத்துங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அசைக்காமல் இருப்பது நம்மாளுக்குத் தெரியுமா? பத்து வேலைக்கு நடுவிலும் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்த்தாள். "அக்கா, அடைகாத்தா அதுல குஞ்சா பொரிக்கப்போகுது? மூடுங்க" என்று அதட்டினேன். எனக்கும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் குழாயின் மேலே கெட்டியாக ஏடு கட்டியிருந்தது, அடியில் நீர் தெளிந்திருந்தது. டாக்டர் அதை வார்டுக்கே எடுத்துப்போனார். நானும் கூடப் போனேன்.

"இந்த ஏடு பூராக் கொழுப்பு. எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுல்ல? அதனால ரத்தத்துல கொழுப்பைப் புரதங்கள்தான் சுத்திக் கட்டித் தூக்கிட்டுப் போகும். சேர வேண்டிய இடத்துல அதை இறக்கவும் ஒரு புரதம் உதவணும். அது இவருக்குப் பிறவியிலேயே இல்லன்னு நினைக்கிறேன். அதனாலதான் சாப்பிடாதப்பவும் ரத்தம் இப்படி இருக்கு, கணையமும் வீங்கி வலி வருது. வெளிய அனுப்பிச் சோதிச்சு உறுதி பண்ணிக்கலாம்."

"வீட்டுல கையெழுத்துப் போட ஆளில்ல, பார்சல் வண்டியிலயே சுத்துது. அதானே டாக்டர்?" என்றான் தம்பி, அந்த வலியிலும்.

டாக்டர் சிரித்தார். "அதேதான். கொழுப்பை நல்லாக் குறைச்சுச் சாப்பிட்டா சமாளிச்சிடலாம். உங்க வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி வலி இருந்துச்சா?"

"அப்பாவுக்கு" என்றான் தம்பி.

"அவரு குடிப்பாரு" என்றாள் பம்பரம் சட்டென்று. சொன்ன வாய் அப்படியே நின்றது. ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி டாக்டர் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். "அவருக்கும் ரத்தம் எடுத்தாங்க டாக்டர். பாலா இருக்கு, சாப்பிட்டிருக்காரு, நாளைக்கு மறுபடி எடுக்கணும்னு கீழ கொட்டிட்டாங்க. மறுநாள் அவரு இல்ல."

டாக்டர் குழாயை மேசைமேல் நிறுத்தினார். "அவருக்கும் இதே இருந்திருக்கலாம். இப்ப உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

பம்பரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கால் ஆடவில்லை. அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"தொடலம்மான்னுதான் சொன்னாரு" என்றாள்.

தம்பி ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நீட்டினான். அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். டிரிப் மாற்ற வந்த நர்ஸ், "கையைக் கொஞ்சம் விடுங்க சிஸ்டர்" என்று இரண்டு தரம் கேட்டும் அவள் விடவில்லை.