உறைமழை நாளில் ஒரு கேள்வி

மொன்றியலில் புயல்களை முன்கணிப்பதே என் ஆய்வு. விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக இறுகும் உறைமழை வருமெனக் கணித்தால் முதலில் மனைவியிடம்தான் சொல்வேன். மெழுகுதிரி முதல் போர்வை வரை அவளே ஆயத்தப்படுத்துவாள்.

அவள் மறைந்தபின் வந்த முதல் குளிர்காலத்தில், உறைமழையைப் பிழையின்றிக் கணித்து எச்சரிக்கை அனுப்பினேன். மறுநாள் பிற்பகல் பனிக்கட்டியின் பாரத்தில் கம்பிகள் அறுந்து, நான் வசிக்கும் புறநகரான கர்க்லாண்ட் முழுவதும் மின்சாரம் நின்றது. என் வீட்டில் ஒரு மெழுகுதிரிகூட இல்லை. நானும் ஆயத்தமாக வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. மேலங்கியோடு குளிரில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வீட்டு யோகன் கதவைத் தட்டினார். என் வேலை என்னவென்று அவருக்குத் தெரியும்; மற்றபடி அதுவரை எங்கள் பழக்கம் தலையசைப்போடு சரி.

"அண்ணை, ஊருக்கெல்லாம் புயல் சொல்லிப்போட்டு நீங்கள் இருட்டுக்கை இருக்கிறியளோ? வாங்கோ, எங்கட வீட்டில விறகடுப்பு எரியுது."

"பரவாயில்லை."

"என்ன பரவாயில்லை? சப்பாத்தைப் போடுங்கோ."

போனேன். அவருடைய மனைவி தேநீரை நீட்டியபடி, "இந்த மழை எப்ப விடும், அண்ணை?" என்று கேட்டார்.

அறிக்கைகளில் எழுதும் நிகழ்தகவு எதுவும் வாயில் வரவில்லை. "விடியமுன்னம் விட்டிடும், தங்கச்சி," என்றேன்.

"அப்ப இரவுக்கு நீங்கள் இங்கதான்," என்று போர்வை எடுக்க எழுந்து போனார்.

கணித்ததோடு என் வேலை முடிந்தது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கணிப்பைக் கேட்டு, போர்வை எடுக்க எழுந்து போக ஒருவர் இல்லாமல் அந்த வேலை முடிவதேயில்லை.