தோலில் குத்திய குண்டூசி

தொண்ணூறுகளின் கடைசியில், என் மகள் பேரணாம்பட்டில் பதினொன்றாவது படித்தாள், தையல் பிரிவில். அந்த வருடம் தையல் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலேஜுக்கு அனுப்பி, ஷூ தைக்கப் பழக்கினார்கள். அதில் தேறினால் பன்னிரண்டு முடித்ததும் அங்கேயே நேராக இரண்டாம் வருடத்தில் உட்காரலாம். ஒரு வருடம் மிச்சம் என்பதால்தான் அவள் அப்பா மேல்படிப்புக்கே ஒப்புக்கொண்டார். இல்லையென்றால் பன்னிரண்டோடு சரி, என்னோடு உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டியதுதான்.

ஜாக்கெட் தைப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பள்ளியில் ஆள் கிடையாது. அந்த மிதப்பில் போனவள், காலேஜில் கொடுத்த தோல் துண்டுகளையும் துணியைப்போலக் குண்டூசி குத்திச் சேர்த்துத் தைத்திருக்கிறாள். தையல் கோணிப்போனது. பிரித்து மறுபடி தைத்தாள். துணியில் ஊசித் துளை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. தூக்கிப் பார்த்தால் வரிசையாக ஓட்டை. "இன்னா பாப்பா, மாவு சலிக்கவா?" என்று காலேஜ் பையன்கள் சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்து பையை வீசி எறிந்தாள். "இனிமே நான் போமாட்டேம்மா."

அவள் அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தவர். விழுந்து விழுந்து சிரித்தார். "டேனரிக்காரன் பொண்ணு, தோல்ல குண்டூசி குத்திக்கினு வந்துகிது! வேணாம்னா வுடு. பீடி முறத்தை எடுத்துக்கினு உங்கம்மாகிட்ட உக்காரு."

"அவ போவா" என்றேன் நான்.

அடுத்த சனிக்கிழமை நானும் பஸ் ஏறினேன். அவள் நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். பீடித்தூள் வாசனைப் புடவையோடு அம்மா காலேஜுக்கு வருகிறாளே என்று வெட்கம். அங்கே போனதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் உள்ளே போய் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சாரைப் பிடித்தேன்.

"என் பொண்ணுக்கு இன்னும் தோல் குடுப்பீங்களா சார், இல்ல அவ்ளோதானா?"

"எல்லாருதும் கோணல்தாம்மா" என்றார் அவர். "அப்படியே குடுத்துட்டுப் போய்ட்டாங்க. பிரிச்சுத் தைக்கணும்னு தோணுனது உங்க பொண்ணுக்கு மட்டும்தான். ஜாஸ்தியாவே குடுக்கறேன், அனுப்புங்க."

வெளியே வந்தேன். "இன்னாம்மா சொன்னாரு?" என்றாள்.

"உள்ள போ. தோல் வச்சிருக்காரு."

மற்றதைச் சொல்லவில்லை. இருக்கிற மிதப்பே போதும்.

பன்னிரண்டு முடித்ததும் நேராக இரண்டாம் வருடத்தில்தான் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அம்மா கெஞ்சிக் கூத்தாடி இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தாள் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கெஞ்சவா நான் பஸ் ஏறிப் போனேன்? அந்த சார் முடியாது என்றிருந்தால், இதைச் சொல்லிக்கொடுக்கும் வேறு காலேஜ் எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேட்டுக்கொண்டு அடுத்த பஸ் பிடித்திருப்பேன். அந்த வயதில் அவளுக்குத் தன் அம்மாவை அவ்வளவுதான் தெரிந்திருந்தது.