ஆமைக்குத் தெரியாத மேற்கு

சாரல் பிடித்த நாட்களில் கோலப்பொடிக்கு ஓர் ஈர வாசனை வந்துவிடும். கட்டிதட்டி, தேங்காய்ச் சிரட்டையின் துளை வழியே இறங்காமல் அடம்பிடிக்கும் அந்தப் பொடியை ஜெபா டீச்சர் தன் வீட்டு அடுப்போரம் வைத்து உலர்த்தி, டப்பாவில் அடைத்துக் கொண்டுவருவார். எதற்கு என்றால், எங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க. சிரிப்பு வருகிறதல்லவா, எங்கள் ஊரும் அப்படித்தான் சிரித்தது.

இலஞ்சியில் நான் நான்காம் வகுப்பு படித்த சின்னப் பள்ளியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. குற்றால சீசன் தொடங்கிச் சாரல் விழுந்தால் இரண்டும் ஈரம் குடித்துப் படுத்துவிடும். அவற்றின் திரையில், நாம் இடும் கட்டளைக்கு நகர்ந்து கோடு போடும் ஆமை ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் படுத்த நாட்களில் டீச்சர் எங்களில் ஒருவரை ஆமையாக்கி, துளையிட்ட சிரட்டையில் பொடியைப் போட்டுக் கையில் கொடுத்து வராந்தாவில் நடக்கவிடுவார். நடந்த வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழும். 'முன்னே', 'வலது', 'இடது', இவ்வளவுதான் ஆமையின் பாஷை. "சொன்னத மட்டும் செய்யணும். தெரியாத சொல் வந்தா அப்படியே நின்னுரணும், நீயா யோசிச்சு ஒரு அடி வைக்கக் கூடாது, கேட்டியா" என்பார். வகுப்பிலேயே நல்ல ஆமை நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வருஷம் பள்ளித் தாளாளர், பெற்றோர் முன்னால் செய்து காட்டுங்கள், அவர்களுக்குப் பிடித்தால்தான் இந்த வகுப்பும் தொடரும், நீங்களும் தொடரலாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டார். அன்றும் சாரல், கம்ப்யூட்டர் எழவில்லை. நான் சிரட்டையோடு வராந்தாவில் நின்றேன். கட்டளை சொல்லவேண்டியவன் என் வகுப்பு முத்துராஜ். நான் போடவேண்டியது ஒரு சதுரம். முதல் கோடு அழகாக விழுந்தது. அடுத்து 'வலது' என்று சொல்லவேண்டிய நேரத்தில் கூட்டத்தில் தன் அப்பாவைப் பார்த்துவிட்ட முத்துராஜ், சொல் மறந்து, "ஏட்டி, மேக்க திரும்பு" என்றான்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் ஒரு செம்பை நகர்த்துவதென்றாலும் "தெக்க தள்ளி வை" என்றுதான் சொல்வார்கள். வலதும் இடதும் பள்ளிக்கூடத்துச் சொற்கள். மேற்கு எனக்குத் தெரியாதா என்ன, மலை என் வலப்பக்கம்தான் நிற்கிறது. ஆனால் ஆமைக்குத் தெரியாது. நான் நின்றேன். அவன் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான். கூட்டமும் உதவிக்கு வந்தது: "அங்கன பாரு பிள்ள, மலையப் பாத்துத் திரும்பு." சிரட்டையிலிருந்து பொடி மட்டும் நிற்காமல் என் காலடியில் குவிந்துகொண்டிருந்தது. அழுகை முட்ட டீச்சரைப் பார்த்தேன். "அவ நிக்கதுதான் சரி" என்று அவர் சொன்னது சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தாளாளர் கோபமே இல்லாமல், "படிக்க வச்சதுல பிள்ளைக்கு மேக்கு கெழக்கே மறந்துபோச்சே டீச்சர்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த நேரத்தில் எங்களுக்குக் கையெழுத்துப் பயிற்சி. பள்ளியை விட்டுப் போகும்போது டீச்சர் என் தலையைத் தொட்டு, "நீ சரியாத்தான் செஞ்சே" என்றார். தப்பாகவே செய்திருக்கலாமோ என்று இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தென்காசியில் என் மகள் மூன்றாம் வகுப்பிலேயே 'கோடிங்' படிக்கிறாள். அவள் தப்பாகச் சொன்னாலும் திரை தானே திருத்தி வழிகாட்டிவிடுகிறது. போன வாரம் அவளோடு இலஞ்சிக்குப் போனபோது பார்த்தேன், என் பள்ளி இருந்த இடத்தில் அருவிக்கு வரும் வேன்களை நிறுத்துகிறார்கள். வராந்தா இருந்த பக்கம் ஒருவர் நின்று, "மேக்க ஒடிங்க அண்ணாச்சி, மேக்க ஒடிங்க" என்று கைகாட்ட, ஒரு வேன் ஒழுங்காகத் திரும்பி நின்றது. கேட்டதும் என் கால்கள் நின்றுவிட்டன. "ஏம்மா நிக்க?" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். யாராவது 'வலது' என்று சொன்னால் போதும், நான் நடந்துவிடுவேன். சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை.