மெட்டில்டா டீச்சரின் முட்புதர்

சேலையூரில் மெட்டில்டா டீச்சரோடு தெருவில் நடப்பதைப் போன்ற பேஜார் வேறு கிடையாது. காய் வாங்கக் கிளம்பினாலும் வேலியோரம் நின்றுவிடுவார். கூட வருகிறவரையும் நிறுத்தி, இந்த இலையைப் பார், அந்தக் காம்பைப் பார் என்று உயிரை வாங்குவார். காலமெல்லாம் தாவரவியல் நடத்திய வாய், ஓய்வு பெற்றும் ஓயவில்லை. புருஷன் எலியேசர் மார்க்கெட்டுக்குத் தனியாகவே போய்ப் பழகிவிட்டார்.

டீச்சரின் உயிரெல்லாம் தாங்கல் ஏரிக்கரையில் நின்ற ஒரு முட்புதரில் இருந்தது. கும்பெனியார் காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழு இந்தப் பக்கமாக நடந்தே போய், கண்ட செடிகளையெல்லாம் படம் வரைந்து, உலர்த்தி, சீமைக்கு அனுப்பியது. அதில் ஒன்று இந்த நீலப்பூச் செடி. சுற்றுவட்டாரமெல்லாம் மனையாகிப் போன பிறகு டீச்சருக்குத் தெரிந்து மிஞ்சியது இந்த ஒரு புதர்தான். பதியன் போட்டும் பிழைக்கவில்லை, விதையும் முளைக்கவில்லை. ஆட்டை விரட்டி, குப்பை கொளுத்துகிறவர்களோடு மல்லுக்கு நின்று அதைக் காப்பாற்றி வந்தார்.

அந்தப் பழைய பாதையிலேயே நடந்து, பழைய செடிகள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்க்க பெங்களூரிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வருவதாகச் சேதி வந்தது. டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. அதோடு விட்டிருக்கக் கூடாதா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வார்டு வேலைகளைப் பார்க்கும் சக்திவேல் அவரிடம் படித்தவன். அவனிடம் போய், குழு வருகிற அன்று மட்டும் கரையில் குப்பை கொளுத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பூவின் போட்டோவையும் அனுப்பினார். நம்ம ஏரியா மானம் டீச்சர், நான் பாத்துக்கறேன் என்றான் அவன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். குழுவோடு டீச்சர் போனபோது கரையில் ஷாமியானா, நாற்காலி, பிளீச்சிங் பவுடரில் கோடு. பெரிய பேனரில் நீலப்பூ சிரித்தது. கரையில் புல் பூண்டு இல்லை.

"பொதர் எங்கடா?"

"அந்த முள்ளா டீச்சர்? வர்றவங்க கால்ல குத்தப் போவுதுன்னு மொதல்ல அத்தத்தான் ஜேசிபி வுட்டுத் தூக்குனோம்."

பூக்காத நாளில் அது வெறும் முள்ளாகத்தான் நிற்கும். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த டீச்சர் இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார். குழு பேனரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, இவ்விடத்தில் அழிந்தது என்று எழுதிக்கொண்டு போனது. டீச்சர் திட்டிய திட்டில் சக்திவேல் அழுதேவிட்டான். வேறு எங்கேயாவது அந்தச் செடி இருந்தால் காட்டுங்கள், வேலி போட்டு, போர்டு வைத்து, விழா எடுக்கிறேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

மழை முடிந்த ஒரு நாள், வீட்டு கேட்டுக்குக் கீல் செய்யக் கொடுத்திருந்ததை வாங்க டீச்சர் திருமுடிவாக்கம் இரும்புப் பட்டறைக்குப் போனார். சக்திவேல்தான் பைக்கில் கூட்டிப் போனான். அவன் பட்டறைக்குள் நின்ற நேரத்தில் டீச்சர் பின்பக்கம் போனார். இரும்புத் தூள் கொட்டிக் கிடந்த கால்வாயோரம், நெஞ்சளவு உயரத்தில், புதர் நிறைய நீலப்பூ. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அங்க இன்னா டீச்சர் கீது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லப்பா. வண்டிய எடு."

வீட்டில் எலியேசர் போனோடு நின்றிருந்தார். பெங்களூர்க்காரர்கள், வேறு எங்கேயாவது பார்த்தீர்களா என்று கேட்கிறார்களாம்.

"எங்கயும் இல்லன்னு சொல்லிடுங்க," என்றார் டீச்சர். "செத்துப் போச்சுன்னே இருக்கட்டும்."