திரைக்குப் பின்னால் கிண்டிய தொதல்

உயிரைத் தந்தவனும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டவனும் அல்லாஹ்வே. எங்கள் ராத்தா அவனிடம் மீண்டு ஒரு வருடமாகிறது. இன்று ராத்தாவுக்காகக் குர்ஆன் ஓதும் கத்தத்துக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன்பே இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் சலாம்.

எங்கள் பகுதியில் மௌத்தானவர்களுக்கு மலர் போடும் வழக்கம் அதிகமில்லை. "துஆ கேட்டாப் போதும், புத்தகம் எதுக்கு?" என்று குடும்பத்துக்குள்ளேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ராத்தா வளர்த்த மூன்று பிள்ளைகளும் ஒரே பிடியாக நின்றார்கள். யார் எழுதுவது என்று வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ராத்தாவுக்கு நேரே இளைய தம்பி. அவர் கையால் அதிகம் தின்றவன் நான்தான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. என் உடம்பைப் பார்த்தாலே தெரியும்.

ராத்தா நிந்தவூரில் பிறந்தார். வாப்பா சவளக்கடைப் பக்கம் பிறர் வயலைப் பங்குக்குச் செய்தவர். உம்மா பெரும்பாலும் பாயில் கிடந்தவர். அதனால் பள்ளிக்கூடம் பாதியில் நிற்க, சின்ன வயதிலேயே குசினி ராத்தாவின் பொறுப்புக்கு வந்துவிட்டது. மழை பொய்த்த வருடங்களில் வீட்டில் உடைந்த குறுநல் அரிசிதான் மிஞ்சும். அதை இடித்து மாவாக்கி, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டு அவித்து, "இண்டைக்குப் பலகாரம்" என்று அறிவிப்பார். பசிக்குச் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே எங்களுக்கு வராது. ஒரு பெருநாளுக்கு, பத்து முட்டை கேட்கும் வட்டிலப்பத்தை ஒரே ஒரு முட்டையில் செய்து எல்லாருக்கும் பங்கு வைத்தார். அதில் முட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பெருநாள் பெருநாளாகத்தான் கழிந்தது.

எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேர்வார். அப்படி வந்து சேர்ந்த மச்சான் கல்முனைச் சந்தையில் சிறு கடை வைத்திருந்தார். அமைதியான மனிதர். அவர்களுக்கு அல்லாஹ் பிள்ளையைக் கொடுக்கவில்லை. அதற்காக ராத்தா யார் வீட்டு வாசலிலும் நின்று கண்ணைக் கசக்கியதை நான் பார்த்ததில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸா விட்டு வரும் பிள்ளைகள் நேரே தங்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள், ராத்தாவின் குசினி வாசலுக்குத்தான் வருவார்கள். ஒரு நாள் கிண்ணத்தப்பம், ஒரு நாள் பணியாரம், ஒன்றுமில்லாவிட்டால் பொரித்த அரிசிமாவில் சீனியைக் கலந்து ஆளுக்கு ஒரு பிடி. வாயில் மாவை வைத்துக்கொண்டு கதைக்கப் போய் முகமெல்லாம் வெள்ளையாக நிற்பார்கள்.

கொடுப்பதில் ராத்தாவுக்குச் சில சட்டங்கள் இருந்தன. ஒரு பிள்ளை பார்த்திருக்க மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார். ஆகச் சின்னதுக்குத்தான் முதலில். தாச்சிச் சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சுரண்டல் இருக்கிறதே, அது அன்றைக்கு அடி வாங்கிய பிள்ளைக்கு. யார் அடித்தார், எதற்கு அடித்தார் என்ற விசாரணையெல்லாம் கிடையாது. அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் சர்க்கரையையும் சேர்த்து அல்வா போலத் தொதல் கிண்டுகிற நாளில் எங்கள் ஒழுங்கைச் சந்தில் எத்தனை பிள்ளைகள் நொண்டிக்கொண்டு வந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நடிப்பென்று தெரிந்தும் ராத்தா கொடுப்பார். "அடி வாங்காட்டியும் அழத் தெரிஞ்சிரிக்கே, அதுக்காவது குடுக்கணும்" என்பார்.

சுனாமி வந்த காலையில் மச்சான் கரைவலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். மச்சானின் தங்கையும் அவருடைய புருஷனும் கடலோடு ஒட்டிய வீட்டில் இருந்தார்கள். அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை அப்பம் தின்ன மாமி வீட்டுக்கு, அதாவது ராத்தாவிடம், வந்துவிடுவார்கள். அன்றும் வந்திருந்தார்கள். பிரதான வீதிக்கு மேற்கே இருந்த ராத்தாவின் வீட்டுக்குள் தண்ணீர் முழங்கால் அளவுக்குத்தான் வந்தது. கடலோரம் இருந்த மச்சான், தங்கை, தங்கையின் புருஷன் மூன்று பேரையும் கடல் கொண்டுபோனது. ராத்தாவின் அப்பம்தான் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று ஊரில் சொல்வார்கள். அவர் காதுபடச் சொன்னால் கோபம் வரும். "அல்லாஹ் காப்பாத்தினான். என்ட அப்பமா காப்பாத்தின?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அன்றிலிருந்து ராத்தா இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் காலம் அது. குசினிக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் திரை தொங்கியது. அந்தத் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, வீட்டில் வந்து தங்கிய சனத்துக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்த பிள்ளைகளுக்கும் சமைத்தார். நிவாரணமாக வந்த மாவும் சீனியும் அவர் கைக்குப் போனால் பலகாரமாகத்தான் திரும்பும். ஆனால் அந்த மூன்றில் கடைக்குட்டி, நாலு வயதுக்காரி, சமைத்த எதையும் தொடமாட்டாள். நிவாரண பிஸ்கட்டை மட்டும் கொறித்துக்கொண்டு மூலையில் இருப்பாள். ராத்தா அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு வேளையும் அவளுடைய கோப்பையில் சாப்பாட்டைப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் வைப்பார், பிறகு எடுப்பார்.

இப்படியிருக்க, பிள்ளைகளுடைய வாப்பாவின் தம்பி, பாலமுனைச் சாச்சா, அவர்களைக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். தூரத்து ஊர் ஒன்றில் ஒரு விடுதியில் மகனையும் இன்னொன்றில் இரண்டு பெண்பிள்ளைகளையும் சேர்ப்பதாகத் திட்டம். அவர் கெட்ட மனிதர் அல்ல. படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பினார். பிள்ளைகள் மீது அவருக்கு இரத்த உரிமையும் இருந்தது. ராத்தாவுக்கு என்ன இருந்தது? மாமன் பெண்சாதி என்ற உறவு மட்டும். அந்த மாமனும் போய்விட்டார். ஆண் துணையில்லாத, வருமானமில்லாத, இத்தாவில் இருக்கிற ஒரு பெண். விஷயத்தைத் தீர்த்து வைக்க எங்கள் குடிக்குத் தலைவரான மரைக்காயரும் பள்ளிவாசல் பெரியவர் ஒருவரும் சாச்சாவோடு ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள். ராத்தாவின் தம்பி என்ற முறையில் நான் முன்னறையில் இருந்தேன்.

அவர்கள் வந்த நேரம் குசினியில் தொதல் கொதித்துக்கொண்டிருந்தது. மூத்தவள் அன்றுதான் குர்ஆனை முழுதாக ஓதி முடித்திருந்தாள். ஓதி முடித்த பிள்ளையின் வீட்டிலிருந்து மத்ரஸாப் பிள்ளைகளுக்கு இனிப்புப் போக வேண்டும், அது எங்கள் ஊர் முறை. அவளுடைய உம்மா இருந்திருந்தால் செய்திருப்பார். இல்லாதபடியால் மாமி செய்தார். சர்க்கரை வாசம் முன்னறைவரை வந்ததும் பள்ளிவாசல் பெரியவரின் முகம் மாறியது.

"இத்தா இரிக்கிற வீட்டுல இதென்ன, பெருநாளா?" என்று கேட்டார்.

திரைக்குப் பின்னால் அகப்பைச் சத்தம் நிற்கவில்லை. ராத்தாவின் குரல் வந்தது.

"இத்தா எனக்குத்தான் காக்கா. புள்ளைகளுக்கு இல்ல."

மரைக்காயர் மெதுவாகத் தொடங்கினார்.

"தங்கச்சி, புள்ளைகளப் பத்திக் கொஞ்சம் கதைக்க வந்திரிக்கம்."

"ஓம், தெரியும். தொதல் இறங்கட்டும், கதைப்பம். இப்ப கைய எடுத்தா அடிபிடிச்சிரும்."

தொதல் கிண்டியவர்களுக்குத் தெரியும், இறுகத் தொடங்கிய பிறகு தாச்சியை விட்டு அசைய முடியாது. எண்ணெய் கக்கும்வரை கிண்டியே ஆக வேண்டும். பெரிய மனிதர்கள் மூன்று பேர் வந்து உட்கார்ந்திருக்க, தொதலுக்காக அவர்களைக் காக்க வைத்த ஒரே பெண் என் ராத்தாதான் என்று நினைக்கிறேன். அவர்களும் காத்திருந்தார்கள். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. அந்த வாசத்தை விட்டு எப்படிப் போவது?

இறக்கியதும் ராத்தா என்னை உள்ளே கூப்பிட்டார். ஆறி இறுகாத தொதலை ஒரு தட்டில் ஊற்றித் தந்து, "சின்னவளுக்கு முதல்ல" என்றார். பிறகு தாச்சியின் சுரண்டலை ஒரு கோப்பையில் வழித்துத் தந்தார். நடுப்பையன் ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது சாச்சாவுக்குக் குடு தம்பி."

"சுரண்டலா? அவருக்கா?" என்று கேட்டேன்.

"அவர் கூடப் பொறந்த காக்காவப் பறிகுடுத்தவர். வந்த நாள் தொடக்கம் புள்ளைகளுக்கு என்ன செய்யிற, புள்ளைகளுக்கு என்ன செய்யிற எண்டு எல்லாரும் அவரத்தான் கேக்குறாங்க. உங்களுக்கு எப்பிடி இரிக்கி எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. இண்டைக்கு அடிபட்டது அவர்தான்."

நான் கோப்பையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, ராத்தா சொன்னதை அப்படியே சொன்னேன். சாச்சா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குலுங்கி அழத் தொடங்கினார். அத்தனை பெரிய மனிதர் அப்படி அழுததைப் பார்த்து நடுப்பையன் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கடைக்குட்டி தன் தட்டை விட்டுவிட்டு வந்து சாச்சாவின் கோப்பைக்குள் விரலை விட்டாள். விட்ட விரலை வாயில் வைத்தாள். மறுபடி விட்டாள். பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடாத பிள்ளை சாச்சாவோடு சேர்ந்து அந்தக் கோப்பையை நக்கி முடித்தது.

சாச்சா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்துச் சொன்னார். "மூண்டு பேரும் இஞ்சயே இரிக்கட்டும் ராத்தா. அறுவடைக்கு அறுவடை நெல்லு நான் கொண்டு வாறன்."

சொன்னபடி கொண்டுவந்தார். ஆனால் நெல் மட்டும் மூன்று பிள்ளைகளை வளர்க்காது. இத்தா முடிந்ததும் ராத்தா கல்யாண வீடுகளுக்கும் கடைகளுக்கும் பலகாரம் செய்யத் தொடங்கினார். சண்டைக் காலம். வீதி எப்போது அடைபடும், சந்தை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெல்லச் சர்க்கரை வராத நாளில் வெள்ளைச் சீனியில் செய்தார், தேங்காய் விலை ஏறினால் பணியாரத்துக்கு மாறினார். அடுப்பு மட்டும் அணையவில்லை. அந்தக் குசினி வாசலுக்குப் பிள்ளைகள் வருவதும் நிற்கவில்லை. விற்கச் செய்ததில் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்த பிறகுதான் மீதி கடைக்குப் போகும்.

யுத்தம் முடிந்த நாளில் சந்தைப் பக்கம் வெடி கொளுத்தினார்கள். ஒழுங்கைப் பொடியன்கள் ராத்தாவிடம் வந்து தொதல் கிண்டச் சொன்னார்கள். ராத்தா மறுத்துவிட்டார். கல்முனையிலிருந்து எங்கள் வீட்டுக்குக் காலங்காலமாக மீன் கொண்டுவரும் ஒரு தமிழ் அக்கா இருந்தார். அவருடைய மகன் வன்னியில் அகப்பட்டு, இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருந்த நேரம் அது. "சண்ட முடிஞ்சது சந்தோசம்தான். மீன்காரக்காட மகன் வந்து சேரட்டும், பிறகு கிண்டுவம்" என்றார் ராத்தா. அல்லாஹ்வின் கிருபை, பல மாதம் கழித்து அவன் முகாமிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்தான். ராத்தா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெரிய தட்டோடு மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது தட்டு நிறையக் கருவாடு இருந்தது.

இன்று மூத்தவள் ஆசிரியை. நடுப்பையன் மின்சார வேலையில் நல்ல பெயரோடு இருக்கிறான். கடைக்குட்டி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், எல்லாம் சாப்பிடுகிறாள், தேவைக்கு அதிகமாகவே சாப்பிடுகிறாள். இதைப் பெருமையாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என் ராத்தா, யாரிடமும் கையேந்தாமல் மூன்று பேரையும் ஆளாக்கினார். இந்தப் பெருமையைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ள என்னால் முடியாது.

கடைசிக் காலத்தில் சலரோகம், அதாவது நீரிழிவு, கால்களை வாங்கியது. கதிரையில் இருந்தபடியே பதம் பார்ப்பார். தான் தின்னக்கூடாது என்றாலும் வாசத்தை வைத்தே சீனி போதாது என்பார், சரியாகவே இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, கடைக்குட்டி கையைப் பிடித்திருக்க, கலிமாவோடு கண்ணை மூடினார்.

அந்த நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு அனுப்பிய ஒழுங்கைச் சனத்துக்கும், மைய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்களுக்கும், வாசலில் வந்து நின்று தலையில் அடித்து அழுத மீன்காரக்காவுக்கும் எங்கள் நன்றி. உங்கள் எல்லாருக்கும் அல்லாஹ் கூலி தருவானாக.

இன்னும் ஒருவர் இருக்கிறார். ஜனாஸாத் தொழுகைக்கு வரிசை நின்றபோது, ஊருக்குப் புதிதாக வந்திருந்த இமாம் வழக்கப்படி திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "மௌத்தானவங்கட புள்ளைகள் ஆராவது இரிக்கீங்களா? முன்னுக்கு வாங்க."

தம்பி என்ற முறையில் நான் பதில் சொல்ல வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் தடுமாறி நிற்கும்போது பின்வரிசையிலிருந்து, ஊன்றுகோலோடு வந்திருந்த பாலமுனைச் சாச்சா குரல் கொடுத்தார்.

"மூண்டு பேர் இரிக்காங்க ஹஸரத். பொம்புளப் புள்ளைகள் ரெண்டும் வீட்ட இரிக்கி. மகன் இந்தா நிக்கான்."

சொல்லிவிட்டு, தன் காக்கா பெற்ற மகனின் முதுகில் கைவைத்து முன்னுக்குத் தள்ளிவிட்டார்.